வேற ஒருத்தனா இருந்திருந்தா

உரக்கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறைக்கு ஏறி முடிப்பதற்குள் படித்த இங்கிலீஷில் பாதி மறந்துபோகும். படிக்கட்டின் லட்சணம் அப்படி. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கூரை வரை உரமூட்டை. மூச்சை இழுத்தால் நெடி, விட்டால் தும்மல். மேலே போய்ச் சேர்ந்தால் பெஞ்சு நாலு, கரும்பலகை ஒன்று, சுற்றும்போதெல்லாம் முனகுகிற மின்விசிறி ஒன்று.

வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் பகலெல்லாம் உடம்பை எங்கேயோ பிழிந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். டிராக்டர் ஓட்டுகிற ஒருவர், பால் பண்ணையில் வேலை செய்யும் அக்கா தங்கை, இன்னும் சிலர். அவர்களோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அந்தப் பெண்டாட்டியின் கதைதான் இது.

அவள் காய்கறி பேக்கிங் ஷெட்டில் தரம் பிரிக்கிறவள். பெல்ட்டில் ஓடி வருகிற தக்காளியில் நசுங்கியது, வெடித்தது, புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் பார்த்த மாத்திரத்தில் எடுத்து வீச வேண்டும். ராத்திரி கண்ணை மூடினாலும் இமைக்குள் தக்காளி ஓடிக்கொண்டே இருக்கும். அவள் புருஷனுக்கு அதே ஷெட்டின் பின்வாசலில் பெட்டி ஏற்றுகிற வேலை. சாயங்காலம் சங்கு ஊதியதும் இருவரும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பேச எதுவும் இல்லாமல் நடந்து இந்த மாடிக்கு வருவார்கள்.

இந்த வயதில் இவர்களுக்கு இங்கிலீஷ் எதற்கு என்றால், கடல் தாண்டி ஒரு நாட்டில் கண்ணாடிக் கூரைக்குள் வெள்ளரி வளர்க்கிற பண்ணை ஒன்று ஆள் எடுக்கிறது. ஜோடியாகத்தான் எடுக்கும். தனி ஆள் போனால் பாதியில் ஓடி வந்துவிடுகிறானாம். பண்ணை மேனேஜர் வீடியோவில் வந்து இரண்டு பேரிடமும் கேள்வி கேட்பார். ஒருவர் தேறி ஒருவர் தேறாவிட்டால் இருவருக்கும் வேலை கிடையாது. தேறினால் சில வருஷம் அங்கே, மகள் இங்கே நாத்தனார் வீட்டில். மகள் இப்போதே அந்த வீட்டில்தான் இருந்து படிக்கிறாள்.

அவளுக்குப் போக ஆசையா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. களைத்துப்போன ஆளிடம் ஆசையைப் பற்றிக் கேட்பது, அடுப்பே பற்ற வைக்காத வீட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி.

டீச்சர் அன்று கரும்பலகையில் 'இஃப்' என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே மூன்று கோடு போட்டார். டீச்சரும் லேசுப்பட்ட களைப்பில் இல்லை. காலையில் ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் ஒரு டியூஷன், சாயங்காலம் இவர்கள்.

"பண்ணை மேனேஜர் இதைத்தான் கேட்பாரு. தண்ணி நின்னுபோனா என்ன பண்ணுவீங்க, பூச்சி விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு. இதுல வகை இருக்கு. ஒண்ணாவது வகை, நடக்கக்கூடியது. மழை பெஞ்சா விதைப்பேன். ரெண்டாவது வகை, கற்பனை. எனக்கு நூறு ஏக்கர் இருந்தா பழத்தோட்டம் போடுவேன். மூணாவது வகை, நடந்து முடிஞ்சது. அன்னைக்கு மருந்து அடிச்சிருந்தா பயிர் பிழைச்சிருக்கும்."

டிராக்டர்காரர் கையைத் தூக்கினார். அவர் கையைத் தூக்கினாலே பால் பண்ணைத் தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"டீச்சர், ரெண்டாவது வகை எங்களுக்குத் தெரியும். அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா."

"கரெக்ட்," என்றார் டீச்சர், சிரிக்கத் தெம்பில்லாமல்.

"மூணாவது வகை, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்."

"அதுவும் கரெக்ட். இப்ப ரெண்டையும் இங்கிலீஷ்ல சொல்லுங்க."

டிராக்டர்காரர் உட்கார்ந்துவிட்டார். அத்தைக்கு இங்கிலீஷில் மீசை முளைக்க வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அவளுக்கு மூன்றாவது வகையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. வெங்காயம் அழுகிய நாளிலிருந்து அவள் அந்த ஒரே வகையில்தான் குடித்தனம் நடத்துகிறாள். அதுவும் அவள் சொன்ன வாக்கியம் இல்லை, நாத்தனார் சொன்னது. விருந்தாளி வந்தாலும் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் சொல்வாள்: "என் தம்பி தங்கம். வேற ஒருத்தனா இருந்திருந்தா இவளை அன்னைக்கே அடிச்சுத் துரத்தியிருப்பான்."

நடந்தது இதுதான். அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தபோது, கடைசியாகப் போட்ட பயிர் வெங்காயம். தாள் சாய்ந்து, அறுவடைக்கு நின்றது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது தட்டி கட்டிக் காற்றோட்டமாக அடுக்கி, விலை வரும்வரை வைத்திருப்பதென்றால், பிடுங்குவதற்கு வெகு முன்பே தண்ணீரை நிறுத்தி நிலத்தைக் காயவிட வேண்டும். பிடுங்கிய கையோடு லாரியில் ஏற்றி விற்பதென்றால், முந்தின நாள் ஒரு தண்ணீர் விடுவார்கள். எடை கூடும். சின்னத் திருட்டுதான். வியாபாரிக்கும் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் அவன் விலையைக் குறைப்பான். ஆனால் ஈரத்தோடு பிடுங்கியதைப் பட்டறை போட்டால் அது பட்டறை இல்லை, பிணவறை.

"நாளைக்கு லாரி வருது," என்று புருஷன் சொல்லிவிட்டு வியாபாரியைப் பார்க்கப் போனான். அவள் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். அவன் ராத்திரிதான் திரும்பி வந்தான். மறுநாள் விடியும்போது மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. பிடுங்குகிற ஆட்களை வயலில் விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. லாரி வந்து, வியாபாரி விலையை அடிமாட்டுக்குக் கேட்டு, இவன் ரோஷப்பட்டு லாரியைத் திருப்பி அனுப்பி, வெங்காயம் முழுக்கப் பட்டறையில் ஏறியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காற்றில் காய்ந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வாடை வந்த பிறகுதான் அழுதுகொண்டே சொன்னாள், நான்தான் தண்ணி விட்டேன் என்று. அவன் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "விடு. போனது போச்சு," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிலம் போனது, இந்த ஷெட்டு வேலை வந்தது, மகள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட வெங்காயம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. சாம்பாருக்குக்கூட அதை எடுத்துக் கொடு என்று கேட்டதில்லை.

ஊரே மெச்சியது. அவளும் மெச்சத்தான் வேண்டும். ஆனால் திட்டாத புருஷனோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கொழுப்பு என்பார்கள். ஒரு தடவை வாய் நிறையத் திட்டியிருந்தால் இவளும் ரெண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லி, ஒரு மூச்சு அழுது, எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். அவன் விட்டுவிட்டான். அவன் விட்ட அந்த இடத்திலேயே இவள் நின்றுகொண்டிருந்தாள்.

வகுப்பிலும் அவன் அதே மாதிரிதான். உணவு, விவசாயம் என்று டீச்சர் தலைப்புக் கொடுத்தால் மாடு, மழை, நெல், கோழி எல்லாம் அவன் வாக்கியத்தில் வரும். கோழிக்குத் தீனி போட்டிருந்தால் அது முட்டை இட்டிருக்கும். மாட்டைக் கட்டியிருந்தால் அது அடுத்த வயலில் மேய்ந்திருக்காது. டீச்சர் 'குட், குட்' என்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வாக்கியத்தில் வெங்காயம் வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். வராது. அது வராதது அவளை இன்னும் அலுக்க வைக்கும்.

வீடியோ நேர்காணலுக்கு முந்தின வகுப்பில், டீச்சர் ஒவ்வொரு ஜோடியாக எழுப்பிப் பேச வைத்தார். தானே பண்ணை மேனேஜர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். இவர்கள் முறை வந்தது.

"உங்க பழைய பண்ணையில ஒரு பயிர் வீணாப் போச்சுன்னு வெச்சுக்குவோம். வேற மாதிரி செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? முதல்ல அம்மா சொல்லுங்க, அப்புறம் ஐயா பதில் சொல்லுங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து."

அன்று பகல் முழுக்க அவள் பெல்ட்டில் நின்றிருந்தாள். பக்கத்தில் நிற்கிறவள் லீவு என்பதால் இரண்டு ஆள் வேலை. முதுகு விண்விண் என்று தெறித்தது. ஒரு தக்காளி வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். எழுந்து நின்று புருஷன் முகத்தைப் பார்த்ததும் தக்காளி எங்கேயோ உருண்டுவிட்டது. அந்த அமைதியான, ஊரே மெச்சிய முகம். அவள் இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"அன்றைக்கு என் கணவர் என்னைத் திட்டியிருந்தால், இன்றைக்கு நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பேன்."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எக்ஸலன்ட்! இங்க பாருங்க எல்லாரும். அன்னைக்கு நடந்ததுக்கு இன்னைக்கு உள்ள விளைவு. இது கலப்பு வகை. நான் இன்னும் நடத்தவே இல்லை, இவங்க சொல்லிட்டாங்க! கை தட்டுங்க."

கை தட்டினார்கள். டிராக்டர்காரர் பெஞ்சைத் தட்டினார். இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்ற ஒன்றை வெளியே எடுத்துப் போட்டால், அதற்குக் கைதட்டல் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, பதில் சொல்லுங்க. அதே மாதிரி."

அவன் நின்றான். பால் பண்ணை அக்கா பரிதாபப்பட்டு, "கோழியைச் சொல்லுங்கண்ணே," என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவன் கோழியைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னான்:

"நான் உன்னைத் திட்டியிருந்தால், நீ என்னைக் கேட்டிருப்பாய், அந்த ராத்திரி உங்கள் கால் ஏன் ஈரம் என்று."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே, "குட், குட், இன்னும் ஒண்ணு," என்றார்.

"மை ஃபீட் வாஸ் வெட்," என்றான் அவன்.

"வாஸ் இல்லை, வேர். ஃபீட் வேர் வெட். ரெண்டு கால் இல்லையா?"

"மை ஃபீட் வேர் வெட்," என்று அவன் திருத்திச் சொன்னான். அதற்குமேல் வகை எதிலும் சேராமல், உடைந்த இங்கிலீஷில் துண்டு துண்டாக வந்தது. நான் வயல் வழியாக வந்தேன். சேறு. கணுக்கால் வரை. வாய்க்காலில் கழுவினேன். பிறகு வீட்டுக்குள் வந்தேன். ஈரம் எனக்குத் தெரியும். லாரி போனது. விலை வரும் என்று நினைத்தேன். தெரிந்தேதான் அடுக்கினேன்.

கை தட்ட யாரும் கையைத் தூக்கவில்லை. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார், இவர்கள் இருவரையும் பார்த்தார். பிறகு, "எல்லாரும் கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

அவளுக்கு அந்த ராத்திரி அப்படியே நினைவுக்கு வந்தது. வாசலில் கழற்றி வைத்த செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கேயாவது குழாயில் கழுவியிருப்பான் என்று நினைத்து, அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தவளே அவள்தான். காயட்டும் என்று.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் இரண்டு அடி பின்னால் வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் வரும் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபப்படக்கூட உடம்பில் சக்தி வேண்டும் போலிருக்கிறது. ஒன்று மட்டும் சுத்தமாக விளங்கியது. அவன் அவளை மன்னிக்கவே இல்லை. மன்னிக்க அவனிடம் எதுவும் இல்லை. வாயைத் திறந்தால் தன் கால் சேறு தெரிந்துவிடும் என்று மூடிக்கொண்டிருந்தான். ஊர் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே மாடியில், டீச்சரின் மடிக்கணினிக்கு முன்னால் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் பண்ணை மேனேஜர், நரைத்த தாடியோடு, பாவம் அவரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். வெள்ளரி கேட்டார், சொட்டுநீர் கேட்டார், சுத்தம் கேட்டார். இருவரும் சொன்னார்கள். கடைசியாக அவளைப் பார்த்து, உங்கள் கணவர் வேலையில் ஒரு தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அவள் யோசிக்கவில்லை. "அவர் தவறு செய்தால் அவர் சொல்லும்வரை நான் காத்திருக்க மாட்டேன். நான் தவறு செய்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்," என்றாள் இங்கிலீஷில்.

மேனேஜர் விழித்துக்கொண்டார். "வெரி குட். நல்ல ஜோடி," என்று சிரித்தார். டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். காகிதமெல்லாம் அனுப்புகிறோம், தயாராகுங்கள் என்று சொல்லித் திரை அணைந்தது.

வாடகை அறைக்கு வந்ததும் அவன் தண்ணீர் குடித்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "நல்லாச் சொன்னே," என்றான்.

அவள் பாயை உதறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க உங்க அக்காகிட்ட சொன்னா நான் வரேன்," என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"அன்னைக்கு வகுப்புல சொன்னீங்களே, அதை. தமிழ்ல."

"அதான் உன்கிட்ட சொல்லிட்டேனே."

"டீச்சர்கிட்ட சொன்னீங்க. டிராக்டர்காரர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட இன்னும் சொல்லலை. அது போகட்டும், எனக்கு விளங்கிடுச்சு. நம்ம பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கப்போறா. காலையில எழுந்தா உங்கப்பா தங்கம், சாயங்காலம் ஆனா உங்கம்மா தண்ணி விட்டவள். வருஷக்கணக்கா அதைக் கேட்டுக்கிட்டே வளரணுமா அவ? நீங்க சொல்லலைன்னா நான் வரலை. ஒத்தை ஆளை அங்க எடுக்க மாட்டாங்க."

"அக்கா என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"என்னைப் பத்தி நினைச்சதை உங்களைப் பத்தி நினைக்கும். நான் சாகலையே."

அவன் போனைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து பாயின் பாதி வரை விழுந்திருந்தது. அவசரப்படுத்த அவளுக்குத் தெம்பில்லை. கடைசியில் அவன் நம்பரைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தித் தரையில் வைத்தான்.

நாத்தனார் குரல் அறை முழுக்க வந்தது. "என்னப்பா, பாஸா?"

"பாஸ்க்கா. அக்கா, ஒரு விஷயம்." தொண்டையைச் செருமினான். "அந்த வெங்காயம். ஈரமா இருக்குன்னு எனக்கும் தெரியும்க்கா. முந்தின நாள் ராத்திரி வயல்ல இறங்கி வந்தேன். சேறு. தெரிஞ்சுதான் பட்டறை போட்டேன். விலை வரும்னு பேராசை. இவ மேல மட்டும் பழி இல்லை. இத்தனை நாளா நான் வாயைத் திறக்கலை."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்தது. போனில் யாரு அத்தை என்று மகளின் குரல் தூரத்தில் கேட்டது. மகளுக்குக் கேட்டதா, முழுக்கக் கேட்டதா என்று அவள் போனை நோக்கிக் குனிந்தாள்.

"அடப்பாவி," என்றாள் நாத்தனார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலை மாற்றி, "அவ பக்கத்துல இருக்காளா? பாருடா அவளை. தங்கம்டா. வேற ஒருத்தியா இருந்திருந்தா உன்னை..."

"அண்ணி," என்றாள் அவள்.

"சொல்லும்மா."

"அந்தப் பேச்சு வேண்டாம் அண்ணி. அவரையும் சொல்ல வேண்டாம், என்னையும் சொல்ல வேண்டாம். வேற ஒருத்தி யாரும் இங்க இல்லை. நான்தான் இருக்கேன். எனக்கு ரொம்பக் கோபமா இருக்கு. தூங்கி எழுந்து கோபப்படுறேன்."

பாயில் வெயில் படாத பாதியில் படுத்தாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அக்காவின் குரல் இப்போது அவனைத் திட்டிக்கொண்டிருந்தது, வாய் நிறைய, மூச்சு விடாமல். அவன் "ஆமாக்கா, ஆமாக்கா," என்று கேட்டுக்கொண்டிருந்தான். வாசலில் அவன் செருப்பு குறுக்கே கிடந்தது. எழுந்து போய் எடுத்து வைக்க வேண்டும் என்று பழக்கத்தில் ஒரு நினைப்பு வந்தது. கிடக்கட்டும் என்று கண்ணை மூடினாள்.

ஒரு தக்காளிகூட ஓடவில்லை. பாத்திரம் கழுவாமல், துணி துவைக்காமல், பட்டப்பகலில் அவள் தூங்கிப்போனாள்.